லோடு வருமுன் போட்ட கையெழுத்து

எனக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, ரேஷன் கடை வரிசை. செஞ்சியில் பதினாறு வருடமாக ரேஷன் கடை விற்பனையாளராக இருக்கிறேன். கைரேகை மெஷின் மக்கர் பண்ணும்போதெல்லாம் ஜனம் என்னைத் திட்டும், நான் ஜனத்தைத் திட்டுவேன். இது எங்களுக்குள் பழக்கம், யாருக்கும் வருத்தம் கிடையாது. அன்றைக்கு வரிசையில் நடுவே புகுந்த ஒரு ஆளைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தேன். பாதியில் மூச்சு அடைத்துக்கொண்டது. மேஜையைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன், வார்த்தை வரவில்லை.

"இன்னா லீதியாம்மா, மீதிய நாளைக்கு வெச்சிட்டியா?" என்று அந்த ஆளே கேட்டான்.

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கவும் மூச்சு போதவில்லை.

இப்போது நெஞ்சில் ஒரு தையல் கோட்டோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வியாதியைப் பற்றி மட்டும் எழுத வேண்டுமென்றால் இரண்டு பக்கம் போதும். நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. சபைக்குப் போகிறவர்கள், முக்கியமாக ஞாயிற்றுக்கிழமை மைக் பிடிக்கிறவர்கள், இதைப் படித்தால் நல்லது.

வீட்டுக்காரர்தான் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் பெயர் தாஸ், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கிளினிக் டாக்டர், நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். வழக்கமாக அவர் இரண்டு நிமிடத்தில் ஆளை அனுப்பிவிடுவார்.

"சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?"

வந்தது. நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மாதம் நடக்க முடியாமல் கிடந்தேன். தொண்டைப் புண்ணில் ஆரம்பிக்கிற அந்தக் காய்ச்சல் மூட்டைவிட்டுப் போனாலும் இதயத்து வால்வில் தழும்பு போட்டுவிட்டுப் போகும், அந்தத் தழும்பு முப்பது வருடம் கழித்துக்கூடத் தொல்லை கொடுக்கும் என்றார். இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று, உடம்பில் தேங்கிய நீரைப் பிரித்து வெளியேற்றுவது. இன்னொன்று, நாடித்துடிப்பைக் குறைப்பது. புதுச்சேரிக்குப் போய் எக்கோ எடுக்கச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார். எக்கோ என்றால் இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்.

"இந்த மாத்திரை வியாதிய ஆத்தாது. தாங்கிப் பிடிக்கும், அவ்ளோதான். பத்து நாளைக்குள்ள எக்கோ ரிப்போர்ட்டோட வரணும்" என்று இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தலையை ஆட்டினேன்.

அது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் சபையில் உபவாச ஜெபம். பாஸ்டர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். நான் அழுதேன். அன்றைக்கு மூச்சு எவ்வளவோ லேசாக இருந்தது. ஒரு மாதமாக இரண்டு தலையணையில் சாய்ந்து படுத்தவள், பாயில் நேராகப் படுத்துத் தூங்கினேன். நாலு நாளாக உள்ளே போன மாத்திரை நுரையீரலில் தேங்கியிருந்த நீரை வற்ற வைத்திருந்தது என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வது. நான் எழுந்து நின்றேன். எனக்கு மைக் தேவையே இல்லை, ஆனாலும் கொடுத்தார்கள். "டாக்டர் கைவிட்டார், கர்த்தர் கைவிடவில்லை. பூரண சுகம் பெற்றேன். மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்" என்றேன். டாக்டர் கைவிடவே இல்லை, எக்கோ எடுக்கச் சொன்னார். அதை நான் சொல்லவில்லை. தகரக் கூரை அதிரக் கைதட்டினார்கள். பாஸ்டர் அதை வீடியோ எடுத்துச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வல்லம், மேல்மலையனூர் என்று எங்கெங்கேயோ இருந்து போன் வந்தது.

மாத்திரையை எறிந்தது மட்டும் உண்மை. காலையில் கிளம்பும் முன் குப்பைக்கூடையில் போட்டேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"மாத்திரையும் துன்னு, ஜெபமும் பண்ணு. அது ரெண்டும் இன்னா சண்டையா போடுது?"

"நீ ஒரு அவிசுவாசி. உனக்கு இதெல்லாம் புரியாது."

அவர் கிறிஸ்துமஸுக்கும் வருடப் பிறப்புக்கும் மட்டும் சபைக்கு வருகிறவர். மற்ற ஞாயிறுகளில் என்னையும் மகள் பெனிட்டாவையும் இறக்கிவிட்டு, முடியும்வரை வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கும் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

மூன்று வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது. சந்தைக்கு நடந்தால் மூச்சு, குளித்துவிட்டுத் தலை துவட்டினால் மூச்சு. கால் வீங்கியது. இரண்டு தலையணை மூன்றானது. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன். இருமினால் சளி ரோஜா நிறத்தில் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஆட்கள் பழக்கம் தெரிய வேண்டும். சுகம் கிடைத்தது என்று வாயால் அறிக்கை செய்துவிட்டால், அப்புறம் வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. சொன்னால் அவிசுவாசம். பிசாசுக்குக் கதவைத் திறந்துவிடுவது. காய்ச்சலில் நெருப்பாகக் கொதிக்கிறவரைக்கூட, "எப்படி இருக்கீங்க பிரதர்?" என்றால், "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கேன்" என்பார். அதுமட்டுமில்லை, அத்தனை பேர் பார்த்த வீடியோ. நான் மறுபடி படுத்தால் கர்த்தருடைய பெயர் என்ன ஆகும்? அவர் பெயரைக் காப்பாற்றுகிற பொறுப்பு என் தலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். சபையில் பாட்டுப் பாட மூச்சில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தேன். பெனிட்டா கேட்டால் சளி என்றேன்.

பாமாயில் வந்த ஒரு நாள், கடையில் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வரிசையில் நின்ற பெண்கள்தான் தூக்கினார்கள். நான் வாராவாரம் திட்டுகிற பெண்கள். ஒருத்தி முந்தானையால் என் வாயைத் துடைத்தாள், ஒருத்தி என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள்.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாள் எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் சில்லென்று ஜெல்லைத் தடவி ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். வலி இல்லை. திரையில் என் இதயம் துடிப்பது தெரிந்தது. அந்த இளவயது டாக்டரம்மா அதைக் காட்டியே விளக்கினார்.

"இதயத்துல மேல ஒரு ரூம், கீழ ஒரு ரூம். நடுவுல இருக்கற கதவுதான் வால்வு. உங்களுக்கு அந்தக் கதவு சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியாயிடுச்சு. நாலு சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் திறக்க வேண்டியது, ஒண்ணுகூடத் திறக்கல. ரத்தம் கீழ போக முடியாம பின்னாடி நுரையீரல்ல தேங்குது. அதான் மூச்சு வாங்குது. சிலருக்கு பலூன் விட்டே திறப்போம். உங்களுக்கு அது முடியாது, வால்வையே மாத்தணும்."

அப்புறம் என் சீட்டைப் பார்த்தார். "முன்னாடியே மாத்திரை எழுதியிருக்காங்களே, ஏன் நிறுத்தினீங்க?"

"தீந்து போச்சு மேடம்."

வாய் கூசாமல் பொய் சொன்னேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் கை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். கசங்கிப்போயிருந்தது. ஒரு மூலையில் காப்பித் தூள் கறை.

"தீரல மேடம். குப்பைல போட்டுட்டா. என்னிக்காவது கேப்பான்னு எடுத்து ஆட்டோல வெச்சிருந்தேன்."

இரண்டு மாதம் அந்த அட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். டாக்டரம்மா திட்டவில்லை. "இனிமே நிறுத்தாதீங்க" என்று மட்டும் எழுதிக்கொண்டே சொன்னார்.

ஆபரேஷனுக்கு முன் பத்து நாள் காத்திருந்தோம். பல் டாக்டரிடம்கூட அனுப்பினார்கள். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வைக் கெடுத்துவிடுமாம். கடைவாய்ப் பல் ஒன்று போனது. செலவுக்கு அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தது. ரத்தம் கொடுக்க மட்டும் ஆள் வேண்டும் என்றார்கள். செஞ்சி ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஏழு பேர் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஜனம் அலைமோதும், ஷேர் ஆட்டோவுக்கு மாதத்திலேயே நல்ல வருமானம் உள்ள நாள். அதை விட்டுவிட்டு வந்து வரிசையாகக் கையை நீட்டினார்கள். ஒருவர் நெற்றி நிறையக் குங்குமம். "அக்கா, எங்க ரத்தம் ஏறுனா சபையில சேத்துக்குவாங்களா?" என்று கிண்டல் வேறு.

சபைக்கு நான் சொன்னது, சின்ன செக்கப் என்று மட்டும்தான். பெனிட்டாவையும் வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தேன்.

ஆறாம் நாள் மத்தியானம் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. செல்வராணி. சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் சபைக்கு வருகிற பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், சர்க்கரை வியாதி உள்ளவள்.

"பிரைஸ் த லார்ட் அக்கா. உங்க சாட்சிய தெனம் போட்டுக் கேக்கறேன். நானும் உங்கள மாதிரியே சுகர் மாத்திரைய நிறுத்திட்டேங்கா. ஒரு மாசமாச்சு. கால்ல ஒரு புண்ணு மட்டும் ஆறாம இருக்குது. வாடை வருது. ஆனா விசுவாசத்துல நிக்கிறேன். எனக்காக ஜெபிச்சிக்கோங்க."

கட்டிலுக்கு மேலே என் நாடித்துடிப்பைக் காட்டுகிற மெஷின் கூவ ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்தார். என் உயிர் போனால் அது என் முட்டாள்தனம். இவள் கால் போனால்? இவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்தேன். "நீ பேசி அவளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு."

"நான் சொன்னா அவிசுவாசி சொல்றான்னு போமாட்டா. நீதான மைக்ல சொன்ன? நீயே சொல்லு."

அவளை அழைத்தேன். "ஏண்டி, மூளையிருக்குதா உனக்கு? கால் அழுகற வரைக்கும்…" அதற்குமேல் மூச்சு வரவில்லை. என் வாழ்க்கையில் ஒரு திட்டு முழுசாக வெளியே வந்தே தீர வேண்டும் என்றால் அது அந்தத் திட்டுதான். வரவில்லை. மறுமுனையில் அவள், "அக்கா, ஏங்கா இப்டி மூச்சு வாங்குது? உங்களுக்குதான் சுகமாயிடுச்சே?" என்றாள்.

"ஆகல" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

அப்புறம் சபைக் குழுவுக்கே ஒரு குரல் செய்தி போட்டேன். நடுநடுவே நிறுத்தி, மூச்சு வாங்கி, நாலு துண்டாகப் பேசினேன். நான் சுகமாகவில்லை. அன்றைக்குச் சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது. மாத்திரையால் லேசானதை மறைத்துவிட்டேன். டாக்டர் என்னைக் கைவிடவில்லை. புதுச்சேரியில் இருக்கிறேன், வால்வு மாற்றப் போகிறார்கள், பிழைப்பேனா தெரியாது. ஆண்டவரை நம்புகிறேன். நீங்கள் யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் யாரும் ஒன்றும் போடவில்லை. எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்று போனில் நீலக் குறி காட்டியது. ஒருவர் மட்டும், "விசுவாசத்தை விட்டுவிடாதீர்கள் சிஸ்டர்" என்று போட்டார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு பாஸ்டர் கூப்பிட்டார். அவர் கோபித்துக்கொள்வார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன்.

"மைக் குடுத்தது நான்தானம்மா. டாக்டர் இன்னா சொன்னாருன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுத்திருக்கணும். வீடியோவ குரூப்புலேருந்து எடுத்துட்டேன். இப்போ சிங்கவரம் போயிட்டிருக்கேன், செல்வராணிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

விசுவாசம் என்றால் காணாததை நம்புவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் அந்தக் கட்டிலில் படுத்து யோசித்தேன். என் தொழிலிலேயே பதில் இருந்தது. ரேஷன் கடைக்கு லோடு வரும். வரும் என்று நம்பித்தான் கடையைத் திறந்து வைக்கிறோம். ஆனால் மூட்டையை இறக்கி எடை போடாமல், வந்து சேர்ந்தது என்று நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டால் மூட்டையில் குறைவது ஜனத்துக்குத்தான் குறையும். ஆண்டவர் விஷயத்தில் மட்டும் லோடு வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது நம்பிக்கை இல்லை. அவர் தராமல் போய்விடுவாரோ என்ற பயத்தில் முந்திக்கொண்டு போட்டது. உண்மையாக நம்புகிறவள் காத்திருந்திருப்பாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் பெரிய டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறப்பார்கள். இதயத்தை நிறுத்திவிடுவார்கள். அது நின்றிருக்கிற ஒன்றரை மணி நேரம் போல, ரத்தத்தை ஒரு மெஷின் உடம்பு முழுக்க ஓட்டும். உலோக வால்வைத் தைத்துவிட்டு மறுபடி துடிக்க வைப்பார்கள். அதற்குப் பிறகு வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் தினம் ஒரு மாத்திரை.

"ஆயுளுக்குமா?" என்றேன். வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"இதயம் நின்னிருக்கற நேரம் நான் எங்க இருப்பேன் சார்?"

"தூக்கத்துல இருப்பீங்கம்மா. நாங்க பாத்துக்குவோம்."

அன்றைக்கு நான் ஜெபம் பண்ணினது ரொம்பச் சின்னது. இத்தனை வருடம் ஆண்டவருக்கு நான் செய்ததெல்லாம் உத்தரவு போடுகிற ஜெபம். சுகம் கொடும், இன்றைக்கே கொடும், எல்லார் கண் முன்னால் கொடும். அன்றைக்கு, "நான் நின்னுபோற நேரத்துல நீர் என்கூட இரும், அது போதும்" என்றேன். பயம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. பயத்தோடுதான் நம்பினேன், அப்படியும் நம்ப முடிகிறது. பெனிட்டா என் தலையை வாரி இறுக்கமாக இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு சீப்பில் இருந்த முடியை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய். என்னால் பேச முடியாது. செஞ்சியிலேயே வாயாடி என்று பெயர் எடுத்தவள் ஒரு பகலும் ஒரு இரவும் விரலை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தேன். குழாயை எடுத்ததும் நர்ஸ் இரும்பச் சொன்னார். இருமினால் தைத்த எலும்பு பிளந்துவிடும் போல் வலிக்கும். அதற்கென்று ஒரு தலையணை கொடுப்பார்கள், நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். அந்தத் தலையணையை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு ஆசை, தரமாட்டேன் என்றுவிட்டார்கள். உடம்புக்குள்ளிருந்து புதிதாக ஒரு சத்தம் கேட்டது. சின்னக் கடிகாரம் போல் டிக், டிக். உலோக வால்வு மூடுகிற சத்தம்தான், பயப்படாதீர்கள் என்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டு வாரம் கழித்து, தையல் ஆறியதும், சபைக்குப் போனேன். வீட்டுக்காரர் வழக்கம்போல் ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் இப்போது அவரை அவிசுவாசி என்று சொல்வதில்லை. என் மாத்திரை அட்டை ஒன்று எப்போதும் அவர் வண்டியில் இருக்கிறது.

செல்வராணி முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகப் பாயில் உட்காருகிறவள். இடது காலில் கட்டு. புண் எலும்பு வரை இறங்கியிருந்ததால் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்களாம். நான் குனிந்து அந்தக் கட்டைத் தொட்டேன்.

"என்ன மன்னிச்சிடும்மா."

"ஐயோ, எழுந்திருங்கக்கா, நெஞ்சு புடிச்சிக்கப் போவுது" என்று என் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

சாட்சி நேரம் வந்தது. எழுந்தேன். பாஸ்டர் மைக்கைக் கொடுக்கும்போது, "டாக்டர் இன்னா சொன்னாரும்மா?" என்று மைக்கிலேயே கேட்டார். சபை சிரித்தது. ரிப்போர்ட்டில் இருந்ததை அப்படியே சொன்னேன். வால்வு நன்றாக வேலை செய்கிறது, மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, மாத்திரை ஆயுளுக்கும். உயிரோடு நிற்கிறேன், ஆண்டவருக்கு நன்றி, டாக்டருக்கு நன்றி, ஆட்டோ ஸ்டாண்டுக்கு நன்றி. என்னை நம்பி ஒருத்தி விரலை இழந்தாள், அதையும் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கைதட்டல் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அப்புறம் எல்லாரும் கண்ணை மூடி அமைதியாக ஜெபித்தார்கள். அந்த நிசப்தத்தில் செல்வராணி என் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, இன்னா அது, டிக்கு டிக்குன்னு?"

"என் வால்வுதான்."

கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். "பயமா இல்ல? திடீர்னு நின்னுட்டா?"

"ஒரு தடவ நிறுத்திப் பாத்தாச்சுடி. அப்பவும் அவர் என்னை விடல. அது இருக்கட்டும், காலைல மாத்திரை போட்டியா?"

அவள் கண்ணை மூடியபடியே பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். விரலால் தடவி எண்ணினேன். அன்றைய குழி காலியாக இருந்தது.